மட்டக்களப்பில் நடக்கும் லெஸ்பியன் காதல் நாவல்: வரைவைத் திருத்த என்னென்ன பார்க்க வேணும்? (உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின் பெயர்)

வாவிக்கரை
முதல் வரைவு 52,000 சொல். கதைக்காலம் 2022 பெப்ரவரி தொடக்கம் டிசம்பர் வரை. சுகந்தி, 33 வயது, கல்லடி, பாடசாலை நடன ஆசிரியை. யாமினி, 28, திருக்கோவிலில் தையல் கடை. சுகந்திக்கு அம்மா, கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற ஒரு தங்கச்சி, எதிர்ப்புக்கு ஒரு மாமா. முடிவில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறாங்க. ஒருத்தரும் சாகிறதில்ல, கொழும்புக்கு ஓடுறதும் இல்ல. வாசிச்ச ஆக்கள் சொன்ன குறை மூன்று: நடுப்பகுதி தொய்யுது, எந்த 'அவள்' எண்டு விளங்குதில்ல, மாமா சினிமா வில்லன் மாதிரி. அத்தியாயச் சுருக்கமும் முதல் நாலு அத்தியாயமும் இணைச்சிருக்கன். அச்சுக்குக் குடுக்க முதல் வேற என்ன பார்க்கலாம்?

உறுதிப்பெட்டி
மாமாவைத் தூக்குங்க. தடையை வீட்டுக்குள்ள இருந்து எடுங்க, எடுக்க நிறைய இருக்கு.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவுக்குள்ள பின்னுக்குச் சின்னதா ஒண்டு கட்டி ஒதுங்குவாங்க, இல்லாட்டி அடுத்த மகளுக்கு வேற வீடு எழுப்பத் தொடங்குவாங்க. உங்கட வரைவில 'அவள் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டியவள்' எண்டு நாலு இடத்தில வருது. அது வேற ஊர்க் கதை. சுகந்தி போக வேண்டியவள் இல்ல, இருக்க வேண்டியவள். காதலுக்கு நெருக்கடி வாறதும் அதாலதான்.

கணக்கைப் பாருங்க. மூத்தவள் சுகந்தி, கல்வீடு அவளுக்கு எண்டு கட்டினது. அவள் கலியாணம் வேணாம் எண்டால் வீடு சும்மா நிக்கும். தங்கச்சிக்குப் பேசுற இடத்தில கேக்கிற முதல் கேள்வி வீடு. 2022இல் சீமெந்து விலை ஏறின ஏற்றத்தில இரண்டாவது வீடு எழும்பாது. அம்மா கெட்டவ இல்ல, தங்கச்சி பேராசைக்காரி இல்ல, ஆனால் மூன்று பேருக்கும் ஒரே கூரை. அம்மா அந்த வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிறதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிற இடம்தான் உங்கட அத்தியாயம் 9. மாமா அங்க சாப்பாட்டுக்கு வந்து போகலாம், அவ்வளவுதான்.

உறுதி (காணிப் பத்திரம்) விசயத்தில பிழை விடாதீங்க. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம். வரைவில நொத்தாரிசு (உறுதி எழுதிறவர்) தேசவழமை பற்றி விளக்கம் குடுக்கிறார், அதை வெட்டுங்க. அசையாச் சொத்து கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேணும். நன்கொடை எண்டால் வாங்கிறவர் ஏற்றுக்கொண்டதும் உறுதியில இருக்க வேணும். தாய் தனக்குச் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கிற உரிமையை) வச்சுக்கொண்டு எழுதலாம், இஞ்ச வழமையாச் செய்யிறதும் அதுதான். உறுதி ஏற்கனவே சுகந்தி பேரில இருக்கு எண்டு வச்சாலும் நெருக்கடி போகாது: ரத்துச் செய்ய முடியாத நன்கொடையைக்கூட, வாங்கினவர் கொடிய நன்றியீனம் காட்டினார் எண்டு மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு வச்சு ரத்துச் செய்விக்கலாம். 2017இல் இதுக்கெண்டே 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அம்மா வழக்குப் போடத் தேவையில்ல. பக்கத்து வீட்டாரில ஒருத்தர் அப்பிடியொரு சட்டம் இருக்கு எண்டு திண்ணையில சொன்னாலே போதும்.

ஒற்றைமெய்
நான் 'அவள்' பிரச்சினைக்கு மட்டும் வாறன். ஆண்–பெண் காதல் கதையில 'அவன் அவளைப் பார்த்தான்' எண்டால் முடிஞ்சுது. இரண்டும் பெண் எண்டால் ஒவ்வொரு வசனமும் பொறி. மூன்றாம் அத்தியாயத்தில இருந்து:

"அவள் அவளுடைய தோளில் சாய்ந்தாள். அவள் எதுவும் பேசவில்லை. அவளுடைய கூந்தலின் எண்ணெய் வாசம் அவளுக்குப் பிடித்திருந்தது."

பல வகையா வாசிக்கலாம். திருத்த வழி, காட்சிக்கு ஒரு கண் எண்டு முதலே தீர்மானிக்கிறது. இந்தக் காட்சி சுகந்தியின் கண்ணால எண்டால், சுகந்திக்கு எழுவாயைக் கூடியவரை விடுங்க. எழுவாய் இல்லாத வினை கண்ணுக்குரியவளுடையது எண்டு வாசகர் தானாகப் பிடிப்பார். மற்றவளுக்குப் பெயரைப் போடுங்க. 'அவள்' கடைசித் தெரிவு.

"யாமினி தோளில் சாய்ந்தாள். எண்ணெய் வைத்து இன்னும் வாராத தலை. சட்டை நனையும் என்று தெரிந்தும் சுகந்தி அசையவில்லை."

ஒரு 'அவள்' கூட இல்ல, ஆனா ஆர் சாயிறாள், ஆர் அசையாம இருக்கிறாள் எல்லாம் தெளிவு. 'பிடித்திருந்தது' எண்டு சொல்லவும் தேவையில்லாமப் போச்சு.

அடுத்த கருவி 'தன்'. 'யாமினி தன் கையை எடுத்தாள்', 'யாமினி அவள் கையை எடுத்தாள்' இரண்டும் இரண்டு செயல். பேச்சு வழக்கில இதைக் கலந்து விடுறம், எழுத்தில கலந்தால் இந்த நாவல் கவிழும். 'தன்' எப்பவும் எழுவாய்க்கே சேர வேணும். ஒரே வசனத்தில இரண்டு 'தன்' வந்தால் பிரிச்சு எழுதுங்க.

தேடும்போது 'அவள்' எண்டு தேடாதீங்க. 'அவளை', 'அவளுக்கு' அகப்படாது. புள்ளி இல்லாம 'அவள' எண்டு தேடினால் எல்லாம் வரும். அச்சுப் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதிறது நல்லது.

பெயரிலயும் கை வைக்க வேணும். சுகந்தி, யாமினி இரண்டும் இகரத்தில முடியுது; சுகந்தியை, யாமினியை, சுகந்தியிடம், யாமினியிடம் எண்டு வேற்றுமை எல்லாம் ஒரே ஓசையில விழும். ஒண்டை மெய்யில முடியிற பெயரா மாத்துங்க.

வாவிக்கரை
யாமினி இப்ப மலர். கடைப் பெயர்ப்பலகையும் மாத்தியாச்சு. நாவல் முழுக்கத் தன்மை ஒருமையில, அத்தியாயத்துக்கு ஒருத்தியா மாறி மாறி எழுதினால் 'அவள்' பிரச்சினையே தீர்ந்திடாதா?

ஒற்றைமெய்
தீரும். ஆனா விலை இருக்கு. இரண்டு 'நான்' இரண்டு குரலா இருக்க வேணும். கல்லடிப் பேச்சுக்கும் திருக்கோவில் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாவலைத் தாங்கிற அளவு இல்ல. குரலைத் தொழிலில இருந்து எடுக்க வேணும்: ஒருத்தி நேரத்தைத் தாளத்தில எண்ணுவாள், மற்றவள் ஆளைக் கண்டதும் தோள் எத்தனை இஞ்சி எண்டு பார்ப்பாள். 250 பக்கத்துக்கு அதைச் சலிக்காமச் செய்ய முடிஞ்சால் தன்மையில எழுதுங்க. இல்லாட்டி படர்க்கையில காட்சிக்கு ஒரு கண் போதும்.

தறிநாடா
தன்மையில எழுதினா இன்னொரு சிக்கல். இரண்டு பேருக்கும் தங்கட ஆசை முதல் பக்கத்திலயே தெரிஞ்சிடும். மலருக்கு இது என்ன உணர்ச்சி எண்டு விளங்க முதலே உடம்புக்கு விளங்கிற இடங்கள் வரைவில நல்லா வந்திருக்கு, பிளவுஸ் அளவு எடுக்கிற காட்சி குறிப்பா. 'நான்' எண்டு எழுதினா அந்த இடைவெளி போயிடும். படர்க்கைதான் என்ட வோட்டு.

அந்த அளவுக் காட்சியில தொழில் பிழை ஒண்டு. மலர் முதல் இடுப்பு, பிறகு தோள், பிறகு திரும்ப மார்பு எண்டு தாவுறாள். தையல்காரர் ஒரு ஒழுங்கில போவாங்க: நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. ஒவ்வொண்டாக் கொப்பியில குறிப்பாங்க. அந்த ஒழுங்கு தவறாம ஓடட்டும், மார்பு அளவில மட்டும் இலக்கத்தை எழுத மறந்து திரும்ப அளக்கட்டும். நீங்க எழுதியிருக்கிற அரைப்பக்க வருணனை முழுக்க வெட்டுப்படும், காட்சி இன்னும் சூடாகும். மார்புச் சுற்றுக்கு இஞ்சி நாடாவைப் பின்னால சுற்றி முன்னால கொண்டு வர ஆள் கிட்டத்தட்டக் கட்டிப்பிடிக்கிற தூரத்துக்கு வர வேணும். அதைச் சொன்னாலே போதும்.

நெருக்கமான காட்சிகளில பொதுவாப் பிழைக்கிறது சொற்களஞ்சியம். 'கொங்கை', 'இதழமுதம்' எண்டு போனால் புலவர் அறைக்குள்ள வந்து நிண்ட மாதிரி. மருத்துவச் சொல் போட்டால் ஆஸ்பத்திரி. உறுப்புப் பெயரைக் குறைச்சு வினையைக் கூட்டுங்க: ஊக்கு கழட்டுறது, பின்னை வாயில கவ்வுறது, கொண்டை அவிழ்றது. கொளுக்கி எந்தப் பக்கம், சாரிப் பின் எத்தனை எண்டு இரண்டு பெண்ணுக்கும் தெரியும். தடுமாற்றம் உடுப்பில வராது, வெக்கத்தில வரும். ஆண் கண்ணால எழுதின காட்சி எண்டு பிடிபடுறது இந்த இடத்திலதான். சம்மதத்தைக் கேள்வி–பதிலாக்கத் தேவையில்ல, ஆனா 11ஆம் அத்தியாயத்தில சுகந்தி கதவைப் பூட்டினதும் மலர் என்ன நினைக்கிறாள் எண்டு ஒண்டுமே இல்ல. வயதில மூத்தவ, படிச்சவ, வீட்டுக்காரி கதவைப் பூட்டுறா. தாழ்ப்பாளை மலர் போடட்டும்.

கச்சான்காத்து
பேச்சுவழக்கு. சுகந்தியிட அம்மா 'அவையள் போட்டினம்' எண்டு கதைக்கிறா. அது யாழ்ப்பாணம். இஞ்ச 'அவங்க போயிட்டாங்க'. 'என்ர' இல்ல, 'என்ட'. 'மறுகா', 'என்னகா', 'இஞ்ச வா மனே' எல்லாம் நல்லம், ஆனா முதல் அத்தியாயத்தில ஒரே பக்கத்தில அஞ்சு 'மறுகா'. நாடகத்தில வாற கிராமத்தான் மாதிரி ஆயிடும். கதை சொல்லுற நடை எழுத்துத் தமிழிலயே இருக்கட்டும். உரையாடலில மட்டும் வழக்கு. ஒரு தாளில எழுத்துக்கூட்டலை நிரந்தரமாக் குறிச்சு வையுங்க ('எண்டு'வா 'என்டு'வா, 'இஞ்ச'வா 'இங்க'வா), இல்லாட்டி பிழைதிருத்திறவர் தன்பாட்டில மாத்துவார்.

விளிப்பு இன்னும் முக்கியம். அஞ்சு வயது வித்தியாசம், ஒருத்தி ஆசிரியை. மலர் தொடக்கத்தில 'டீச்சர்' எண்டுதான் சொல்லுவாள், பழகினதும் 'அக்கா', 'நீங்க'. சுகந்தி முதலிலேயே 'புள்ள', 'நீ'. இரண்டாவது சந்திப்பிலயே மலர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறது நம்பும்படியா இல்ல. 'அக்கா' எப்ப விழுது எண்டதை நீங்க காட்சியாக எழுத வேணும், முத்தத்துக்கு முதல். பிறகும் சபையில 'அக்கா' இருக்கும், தனிய இருந்தா இருக்காது. தங்கச்சி இதைக் காதால கண்டுபிடிக்கலாம், கடிதம் அகப்படுற பழைய உத்தியை விட நல்லது.

இன்னொண்டு, இந்த ஊருக்கே உரியது. அம்மா மலரிட்டக் கேக்கிற முதல் கேள்வி 'நீங்க என்ன குடி?' குடி எண்டால் தாய்வழியா வாற குலப்பிரிவு. ஒரே குடி எண்டால் பிள்ளை முறை, மகள் எண்டுவா. கொண்டு குடுக்கிற குடி எண்டால் வாய் தானா 'மருமகள்' எண்டு சொல்லும். அம்மா ஒண்டும் அறியாமலே நாவல் முழுக்க மலரை மருமகள் எண்டு கூப்பிடட்டும். நீங்க ஒருத்தரையும் சிரிக்க வைக்கத் தேவையில்ல, வாசகர் சிரிப்பார்.

உறுதிப்பெட்டி
இது அருமை. அம்மாவுக்குத் தெரிஞ்ச பிறகு அந்த விளிப்பு நிண்டு போறதையும் எழுதலாம்.

கச்சான்காத்து
ஓம். நடுப்பகுதிக்கும் மருந்து கதைக்காலத்திலயே இருக்கு, நீங்க பயன்படுத்தேல்ல. எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022 எண்டு போட்டுப்போட்டு இரண்டு பேரும் கிழமைக்கு மூன்று தரம் சந்திக்கிறாங்க. கல்லடியில இருந்து திருக்கோவிலுக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். போக வர 150. ஸ்கூட்டி லீற்றருக்கு 40–45 ஓடினால் மூன்றரை லீற்றர். ஓகஸ்ட்டில கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதாவது கிழமைக்கு ஒரு தரம் கண்டால் வேலைக்குப் போக எண்ணெய் இல்ல. அதுக்கு முதல் ஜூன், ஜூலையில வரிசையில நிண்டாலும் நிச்சயமில்ல, ஜூலையில பள்ளிக்கூடமும் பூட்டு. சுகந்தி வீட்டில, கையில நேரம், ஸ்கூட்டியில எண்ணெய் இல்ல. அந்தப் பிரிவை மூன்று அத்தியாயமா விரியுங்க. 'மனக்கசப்பு' எண்டு நீங்க வலிஞ்சு உண்டாக்கின சண்டை தேவையே இல்ல.

மார்ச் கடைசியில மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. மலரிட மெசின் மோட்டார் மெசின் எண்டு எழுதியிருக்கிறீங்க. அப்ப கடை ஓடாது. மிதி மெசின் ஆக்குங்க, அந்த மாதங்களில ஊரில வேலை நடக்கிற கடை அவளுடையது ஆகும்.

கவனிக்க வேண்டியது: 6ஆம் அத்தியாயத்தில சுகந்தி கல்முனையில றெயிலால இறங்கிறா. தண்டவாளம் மட்டக்களப்போட முடிஞ்சுது; தெற்கால பஸ்தான். ஜூலையில 'வாடைக்காற்று சில்லென்று' வீசுது. அது மாரிக்காலக் காற்று. ஜூலையில கச்சான், மேற்கால வாற காய்ஞ்ச சூடு. மீன் பாடுறதைக் கேக்கப் போற காட்சியை நவம்பரில வச்சிருக்கிறீங்க. மழையும் வெள்ளமும் தொடங்கிற மாதம். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில ஒரு பறுவ (பௌர்ணமி) இரவுக்கு மாத்துங்க. இல்லாட்டி அந்தக் காட்சியையே எடுங்க, மட்டக்களப்பு எண்டால் எல்லாரும் எழுதுற காட்சி அது.

உறுதிப்பெட்டி
சட்டப் பகுதி. 14ஆம் அத்தியாயத்தில பெண் சட்டத்தரணி 'உயர் நீதிமன்றமே சரியெண்டு சொல்லிட்டு' எண்டு ஆறுதல் சொல்லுறா. அப்பிடி ஒண்டு வந்தது 2023 மே மாதம்: தன்பால் உறவைக் குற்றமில்லாமலாக்கத் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தக் கொண்டு வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்ட தீர்மானம். அந்தச் சட்டமூலமும் நிறைவேறேல்ல. உங்கட கதை 2022 டிசம்பரில முடியுது.

2022இல் அவ சரியாச் சொல்லக்கூடியது: 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு முதல் ஆண்களுக்கு இடையிலான பாலியல் செயலை மட்டும் குற்றமெண்டு சொன்னது, 1995 திருத்தம் 'ஆண்' எண்ட சொல்லை எடுத்து 'ஆள்' எண்டு பொதுவாக்கினதால பெண்களும் உள்ள வந்தாங்க. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிறதுக்கான ஐ.நா. குழு 2022 தொடக்கத்தில, இலங்கைச் செயற்பாட்டாளர் றொசான்னா ஃப்ளேமர்-கல்தேரா குடுத்த முறைப்பாட்டில, இது பெண்களின் உரிமையை மீறுது எண்டு இலங்கைக்கு எதிரா முடிவு சொன்னது. சுகந்தி அந்தச் செய்தியை ஃபோனில வாசிக்கலாம், உங்கட காலக்கோட்டுக்குப் பொருந்தும். பாசிக்குடா ஹோட்டலில பொலிஸ் வந்து 365ஏயில கைது செய்து அடுத்த நாளே தண்டனை குடுக்கிற காட்சி நாடகம். பொலிஸ் பயமுறுத்தலைக் காட்ட வேணுமெண்டால் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைச் சொல்லி வெருட்டிறது, வீட்டுக்கு ஃபோன் எடுப்பன் எண்டு சொல்றது. பின்னதுக்குத்தான் பயம் கூட.

நாவல் எழுதிறதை 365ஏ தொடாது, அது செயலைப் பற்றினது. ஆனா மதத்தலத்தில காட்சி வைக்கிறதை யோசிச்சுச் செய்யுங்க. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார பௌத்த துறவிகள் வாற ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ் கைதாகி நாலு மாதத்துக்கு மேல உள்ள இருந்தார், 2021இல்தான் விடுவிச்சாங்க. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு இரவுக் கூட்டத்தில இரண்டு பேரும் கையைப் பிடிக்கிறது அழகு, வருசத்தில ஒருக்கா வைகாசியில கதவு திறக்கிற கோவில் எண்டபடியால் நெரிசலும் நம்பத்தக்கது. முத்தத்தைக் கோவில் வீதிக்கு வெளிய கொண்டு போங்க. பயத்தில மட்டும் சொல்லேல்ல; அந்தக் கூட்டத்தில அப்பிடி ஒரு இடம் கிடைக்காது.

தறிநாடா
முடிவு பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. சேர்ந்து இருக்கிறது சரி, காதல் நாவல் எண்டு அட்டையில போட்டால் வாசகருக்கு அது பாக்கி. ஆனா வரைவில அம்மா கடைசி ரெண்டு பக்கத்தில திடீரெண்டு மனம் மாறி ஆசீர்வாதம் பண்ணுறா. நம்ப முடியாது. அம்மா ஏற்றுக்கொள்ளத் தேவையில்ல. பின்வீட்டில இருந்துகொண்டு கதைக்காம இருக்கட்டும், சோறு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடட்டும். ஊருக்கு மலர் 'வாடகைக்கு இருக்கிற தையல் பிள்ளை'. சந்தோசமான முடிவுக்கு அவ்வளவு காணும்.

உறுதிப்பெட்டி
தங்கச்சிக்கும் வீடு வேணுமே. வளவைப் பிரிச்சு முன்பக்கமும் கல்வீடும் தங்கச்சிக்கு, பின்துண்டும் பழைய வீடும் சுகந்திக்கு எண்டு இரண்டு உறுதி எழுதலாம். சுகந்தியிட உறுதிக்கு ஒரு சாட்சி மலர். அவளுக்கு அதில ஒரு உரித்தும் இல்லாதபடியால் சாட்சி வைக்கலாம். சுகந்தி பிறகு மலர் பேருக்கு மரணசாதனம் (உயில்) எழுத விரும்பினால் தடையில்ல, இவங்களுக்குப் பொருந்துற பொதுச் சட்டத்தில சொத்தை விரும்பின ஆளுக்கு எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி. அந்தச் சாட்சிகளில மலர் இருக்கக் கூடாது. சுகந்தி குடும்பத்தை முஸ்லிமா மாத்திற யோசனை வந்தால் உரிமைச் சட்டம் வேற, முழுக்கத் திரும்பப் பார்க்க வேணும்.

அச்சுக்கூடம்
அச்சு: டெமி அளவு, 11 புள்ளி எழுத்து, பக்கத்துக்கு 210 சொல் எண்டு வச்சால் 52,000க்கு 248 பக்கம். முன்பக்கங்கள் 8 சேர்த்து 256, பதினாறு பக்க ஃபோமில சரியா 16 ஃபோம். திருத்தத்தில 2,000 சொல் கூடினால் பதினேழாவது ஃபோம் அரைகுறையா நிக்கும், அதுக்கும் காசு. வெட்டுறதை முதல் வெட்டிப்போட்டுப் பக்கம் கட்டுங்க.

புனைபெயரில போடலாம், பதிப்புரிமை போகாது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி புனைபெயர்ப் படைப்புக்கு வெளிவந்ததில இருந்து 70 வருசம். ஆனா நன்றியுரையில பாடசாலை, ஊர், தோழியின் பெயர் எல்லாம் போட்டால் புனைபெயருக்கு அர்த்தமில்ல. வாசிச்சுச் சொன்ன பெண்களின் பெயரைக் கேக்காமப் போடவே வேணாம்.

வாவிக்கரை
எல்லாருக்கும் நன்றி. மாமா போயிட்டார், அத்தியாயம் 9 இப்ப உறுதி. ஒரு கேள்வி: பிரஸ்ஸில பாமினியில (யூனிகோட் இல்லாத பழைய எழுத்துரு) தந்தால்தான் பக்கம் கட்டுவம் எண்டு சொல்றாங்க. நான் யூனிகோட்டில எழுதினது. சும்மா எழுத்துருவை மாத்திப் பார்த்தன், எல்லாம் குழம்பிப்போச்சு.

அச்சுக்கூடம்
எழுத்துருவை மாத்திறது மாற்றம் இல்ல. மாற்றி மென்பொருளில போட்டு எடுக்க வேணும். எடுத்த பிறகு முதல் பார்க்க வேண்டியது காற்புள்ளி. பாமினியில காற்புள்ளி விசையில இருக்கிறது 'இ'. மாற்றி சரியா வேலை செய்யாட்டி நிறுத்தம் வர வேண்டிய இடமெல்லாம் 'இ' வந்து குந்தும்: 'சுகந்திஇ மலர்' எண்டு. பாமினிக்குள்ள காற்புள்ளி '>' குறியில வரும், அதுவாகத் தேடி எண்ணிப் பாருங்க, மூலத்தில உள்ள எண்ணிக்கையும் இதுவும் ஒத்துவர வேணும். பிறகு மேற்கோள் குறி, 'ஸ்ரீ', கியூஆர் எண்டதை எங்கையாவது ஆங்கில எழுத்தில அடிச்சிருந்தால் அது. பக்கம் கட்டின பிறகு பீடிஎஃப்ஐக் கேட்டு வாங்கி உரையாடல் உள்ள பக்கங்களை முதலில வாசியுங்க, காற்புள்ளி கூட வாறது அங்கதான்.